சமாதானம் என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம்

"எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அம்மா மோரில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுவார்."

இதை ஒரு பிள்ளை மட்டும் சொல்லியிருந்தால் யார் காதிலும் விழுந்திருக்காது. வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும், மாடி ஜன்னல் திறந்திருக்க, ஒரே குரலில் மூன்று தரம் சொன்னோம். கீழே சந்தில் மிளகு மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர் மாட்டை இழுத்து நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

அந்த மோருக்குச் சொந்தக்காரியான கோவிந்தம்மாள் மீன் கூடையோடு பாசார் சந்தையிலிருந்து அப்போதுதான் சந்துக்குள் நுழைந்தாள். வண்டிக்காரர் அவளைப் பார்த்து, "தங்கச்சி, தாகமா இருக்கு. ஆனா மோர் வேணாம், பச்சத் தண்ணியே குடு. ரெண்டும் ஒண்ணுதானாமே" என்றார்.

'தாராளம்' என்பது எங்களுக்கு அன்று சொல்லிக்கொடுத்த புதுச் சொல். கோவிந்தம்மாளின் மகன் அந்தச் சொல்லை அதற்குப் பிறகு வாழ்நாளில் மறந்திருக்க மாட்டான். அன்று சாயங்காலம் அவனுக்கு விழுந்த அடியும் தாராளம்தான்.

மிளகு நெடியில் ஒரு பள்ளிக்கூடம்

பினாங்குத் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த சந்துகளில் ஒன்றில், ஒரு கிட்டங்கியின் மேல்மாடியில் எங்கள் பள்ளிக்கூடம் நடந்தது. கீழே மிளகும் கொப்பரையும், மேலே நாங்களும். எந்தச் சொல்லைப் படித்தாலும் மிளகு நெடியோடுதான் படித்தோம். 'மல்லிகை' என்று வாசிக்கும்போதும் தும்மினோம்.

வாத்தியார் ஒல்லியான இளைஞர். கப்பலிலிருந்து இறங்கும்போது கொண்டுவந்த கறுப்புக் குடையை வகுப்புக்குள்ளும் கையிலேயே வைத்திருப்பார். கரும்பலகையில் எழுத்தைக் காட்டவும் அதுதான், தூங்குகிறவனைக் குத்தவும் அதுதான். மற்றப் பள்ளிக்கூடங்களில் ரோத்தான் பிரம்பு இருக்கும், எங்கள் பள்ளிக்கூடத்தில் குடை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் குடை வாத்தியார்.

பெண் பிள்ளைகள் நாங்கள் மூன்றே பேர். மூவரில் எனக்குத்தான் குரல் பெரிது. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பெருமைதான், ஆனாலும் உண்மை.

பொய் வாக்கியம் கூடாது

எங்களுக்கு வந்த பாடப் புத்தகம் மதராசில் அச்சானது. அதில் வயலும் வரப்பும் ஏரும் எருதும் நிறைய இருக்கும். ஒரு சொல்லைக் கொடுத்து வாக்கியம் சொல் என்றால், புத்தகத்தில் இருப்பதையே நாங்களும் ஒப்பிப்போம்.

அதற்கு முந்திய வருஷம் இன்ஸ்பெக்டர் வந்தபோது ஒரு பையன் எழுந்து, "எங்கள் வயலில் நெல் நன்றாக விளைந்திருக்கிறது" என்று முழங்கினான். அவன் அப்பா தொங்கான் படகில் மூட்டை சுமக்கிறவர். இன்ஸ்பெக்டர், "உங்கள் வயல் எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டார். பையன் முழித்துவிட்டு ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். அந்தத் திசையில் கடல்தான் இருந்தது. "ஓகோ, படகில் போய் அறுப்பீர்களோ?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

குடை வாத்தியாருக்கு அது பெரிய அவமானம். மறுநாள் வந்து புது விதி போட்டார். "இனிமே வாக்கியம்னா உண்மையா இருக்கணும். உன் வீட்ல நடந்திருக்கணும், இல்ல உன் கண்ணால பாத்திருக்கணும். பொய் வாக்கியம் சொன்னா தேறல."

வாக்கியம் நன்றாக இருந்தால் வகுப்பு முழுவதும் அதைச் சேர்ந்து மூன்று தரம் சொல்ல வேண்டும். அப்போதுதான் சொல் மனத்தில் பதியுமாம். பதிந்தது எங்கள் மனத்தில் மட்டுமல்ல, சந்து முழுவதும் பதிந்தது.

'ஆச்சரியம்' என்ற சொல்லுக்கு ஒருத்தன், "பெரியப்பா சம்பள நாளில் நேராக வீட்டுக்கு வந்தது எங்களுக்கு ஆச்சரியம்" என்றான். 'தியாகம்' என்ற சொல்லுக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "மீனின் நடுத்துண்டை அம்மா எங்களுக்காகத் தியாகம் செய்வதாகச் சொல்லிவிட்டு அடுப்படியில் ஒளித்துவைத்துத் தின்றார்" என்றாள். வாத்தியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் விதி விதிதான். மூன்று தரம் சொன்னோம்.

போகப் போகப் பிள்ளைகள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். சொல்லுக்குப் பொருத்தமாக வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்றால், நடக்க வைத்தார்கள். 'விருந்து' கிடைத்த பையன் தரையில் புரண்டு அழுது, வெறும் செவ்வாய்க்கிழமையில் வடை பாயசம் போட வைத்தான். 'வெள்ளம்' கிடைத்தவன் பின்சந்துக் குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்திலேயே காவல் நின்றான். 'விபத்து' கிடைத்தவன் தன் தம்பியை மாடிப்படியில் எப்படி நிற்க வைத்தான் என்பதை நான் எழுதப் போவதில்லை. அந்தத் தம்பி இன்றைக்கும் பட்டர்வொர்த்தில் நன்றாக இருக்கிறார்.

எங்கள் வீட்டு அம்மி

இனி என் சங்கதிக்கு வருகிறேன்.

நாங்கள் இருந்தது ஒரு நீளமான கடைவீட்டின் பின்பாதியில். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ராசாத்தி அக்காவும் அவள் புருஷனும் சின்ன மகனும். முற்றமும் அடுப்படியும் இரண்டு குடும்பத்துக்கும் பொது.

அம்மா நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவள். வரும்போது தன் அம்மியையும் கொண்டுவந்தாள். அந்தக் கூத்தைப் போன வாரமே சொல்லியிருக்கிறேன். படிக்காதவர்களுக்கு இவ்வளவு போதும்: கரையிறங்கும் நேரத்தில் அப்பா ஒரு பொருளைத்தான் தூக்க முடியும் என்ற நிலை வந்தபோது, என்னைக் கீழே விட்டுவிட்டு அம்மியைத் தூக்கும்படி அம்மா சொன்னாள். "புள்ளைக்குக் கால் இருக்கு, அம்மிக்கு இல்ல" என்பது அவள் நியாயம்.

ராசாத்தி அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பேச்சின் முடிவில் மலாய்க்காரர் மாதிரி 'லா' வந்து விழும். சமையலில் நல்ல கைமணம். ஆனால் பெலாச்சான் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. கூனி இறாலை உப்புப் போட்டு இடித்து வெயிலில் காயவைத்துச் செய்கிறார்களே, அதுதான். சுட்டால் தெருமுனை வரைக்கும் மணக்கும். மணக்கும் என்பது அவள் சொல். அம்மாவின் சொல் வேறு.

ஒரு வியாழக்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, ராசாத்தி அக்கா அவசரத்துக்கு மிளகாயும் பெலாச்சானும் வைத்து எங்கள் அம்மியில் அரைத்துவிட்டாள். மறுநாள் வெள்ளிக்கிழமை விரதம். அம்மா தேங்காய்த் துவையல் அரைக்க உட்கார்ந்து, குழவியைக் கையில் எடுத்து, மூக்குக்கு நேராகக் கொண்டுபோனாள். அப்படியே வைத்துவிட்டாள்.

அன்று அம்மியைப் புளி போட்டுத் தேய்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். கடல் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அப்பாவை அனுப்பினாள். பிறகு முற்றத்தில் நின்றுகொண்டு, யாரையும் பார்க்காமல், "இனிமே எனக்கும் அந்தப் பக்கத்துக்கும் பேச்சுவார்த்த கெடையாது" என்றாள்.

பூனையிடம் சொன்ன சேதி

பேச்சுவார்த்தை இல்லை என்றால் பேசாமல் இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. முன்பைவிட அதிகமாகப் பேசினார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, அவ்வளவுதான்.

அம்மா பூனையைப் பார்த்துப் பேசுவாள். "ஏ பூன, கொழாயடிய அடச்சுக்கிட்டு நின்னா மத்தவங்க எப்பத் தண்ணி புடிக்கிறது?" ராசாத்தி அக்கா தண்ணீர்ச் சாடியைப் பார்த்துப் பதில் சொல்லுவாள். "சாடியே, உனக்கு நெறையணும்னா கொஞ்சம் நேரமாகும் லா. பூனைக்கு என்ன அவசரமாம்?"

பூனைக்கும் சாடிக்கும் சரிப்பட்டு வராத விஷயங்களுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். இருவருக்கும் நடுவில் நின்று, ஒருத்தி சொன்னதை மற்றவளிடம் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். இருவரும் கையெட்டும் தூரத்தில் நிற்பார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பதில் வந்துவிடும். இருந்தாலும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும்.

எனக்கு விழுந்த சொல்

அந்தச் சமயத்தில்தான் தம்பி பிறந்தான். அம்மா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப் பார்த்தாள்.

"கைக்கொழந்தைய யாரு பாக்குறது? பொம்பளப் புள்ள படிச்சு எந்தக் கப்பலுக்குக் கேப்டனாப் போவப் போவுது?"

அப்பா துறைமுகத்தில் மேஸ்திரி. மூட்டைக்காரர்களை அதட்டுவார், அம்மாவை அதட்ட மாட்டார். எந்தப் பேச்சையும் பாதியில் வெட்டிப் பங்கு போட்டுவிடுவார். "இன்ஸ்பெக்டர் வர்றாராம்ல. அவரு முன்னாடி பவுனு ஒரு வாக்கியம் சொல்லித் தேறிட்டாள்னா இன்னும் ஒரு வருசம் போவட்டும். தேறலன்னா வீட்டுல இருக்கட்டும்."

பவுனு என்பது நான்தான். பவுனம்மாள்.

வாத்தியார் இன்ஸ்பெக்டர் வருகைக்காக ஆளுக்கொரு சொல்லை முன்கூட்டியே எழுதிப் போட்டார். ஒருத்தனுக்குத் 'தொப்பி'. ஒருத்திக்கு 'மழை'. பினாங்கில் மழைக்கு என்ன பஞ்சம். எனக்கு விழுந்த சொல் 'சமாதானம்'.

"அப்படின்னா என்னங்க ஐயா?"

"சண்ட போட்டவங்க சண்டைய விட்டுட்டு மனசு ஒத்துப் போறது. உங்க வீட்ல நடந்ததா ஒண்ணு சொல்லு."

எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் இல்லை.

மற்றப் பிள்ளைகள் செய்ததையே நானும் செய்யப் பார்த்தேன். நடக்காததை நடக்க வைப்பது. அம்மாவிடம் போய், "ராசாத்தி அக்கா மன்னிச்சிக்கச் சொன்னாங்கம்மா" என்றேன். ராசாத்தி அக்காவிடம் போய், "அம்மா பழசை மறந்துட்டேன்னு சொல்லச் சொன்னாங்க" என்றேன். இருவரும்தான் நேரில் பேசுவதில்லையே, குட்டு எப்படி உடையும் என்பது என் கணக்கு.

பூனையை மறந்துபோனேன்.

"ஏ பூன, மன்னிப்புக் கேக்குறவங்க நேரா வந்து கேக்கட்டும். புள்ளைய அனுப்பறது என்ன மொறை?"

"சாடியே, யாரு லா மன்னிப்புக் கேட்டது? பழச மறந்துட்டேன்னு அவங்கதான் ஆள் விட்டாங்க."

"பூன, நானா?"

"சாடி, நானா?"

பிறகு பூனை ஒரு பக்கமாகவும் சாடி ஒரு பக்கமாகவும் இருக்க, இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முன்பு நூலளவு இருந்த பகை அன்றைக்குக் கயிறாகத் திரிந்தது. அடுப்படிக்குக் குறுக்கே கரிக்கோடு கிழித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று காலையில்கூட என்னிடம் வாக்கியம் இல்லை.

கடைசி பெஞ்சில் தாய்மார்கள்

அதற்குள் சந்துத் தாய்மார்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் முன்னால் எவள் வீட்டு மோர் வெளியே வருமோ என்று பயந்து, தங்கள் பிள்ளைகளின் வாயைக் கண்ணாலேயே கட்டுவதற்காக, கடைசி பெஞ்சில் வந்து வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். பெஞ்சின் ஒரு கோடியில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா. மறு கோடியில், அரிச்சுவடி படிக்கும் மகனுக்காக வந்த ராசாத்தி அக்கா. நடுவில் மற்றவர்கள்.

இன்ஸ்பெக்டர் கோட்டும் தலைப்பாகையும் போட்ட தமிழர். வாத்தியார் தம் புது விதியைப் பெருமையாக எடுத்துச் சொன்னார். "எல்லாம் உண்மையா? அப்படியானால் நான் சோதித்துப் பார்க்கலாமே" என்று அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதல் பையனுக்கு 'வியர்வை'. "இன்ஸ்பெக்டர் ஐயா வருவதால் எங்கள் வாத்தியாருக்குக் காலையிலிருந்து வியர்வை ஊற்றுகிறது." இன்ஸ்பெக்டர் வாத்தியாரை மேலும் கீழும் பார்த்தார். வாத்தியார் துண்டை எடுத்தார். "உண்மைதான். தேறினான்."

என் முறை வந்தது. எழுந்து நின்றேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தலைப்பாகையைப் பார்த்தேன். பொய் சொன்னால் தேற முடியாது. சொல்லாமல் நின்றாலும் தேற முடியாது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் ராசாத்தி அக்காவுக்கும் சமாதானம் இல்லை."

வகுப்பு வழக்கப்படி ஆரம்பித்துவிட்டது. "எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் ராசாத்தி அக்காவுக்கும் சமாதானம் இல்லை." வாத்தியார் குடையை ஆட்டி நிறுத்தப் பார்த்தார். அவர்கள் அதைத் தாளம் என்று நினைத்துக்கொண்டு மூன்று தரமும் சொல்லி முடித்தார்கள். ஜன்னல் திறந்தே இருந்தது.

அம்மா எழுந்தாள். "ஐயா, இது பொய். நாங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி."

மறு கோடியில் ராசாத்தி அக்காவும் எழுந்தாள். "ஆமா லா ஐயா. ஒரே அடுப்படி. எங்களுக்குள்ள என்ன சண்ட?"

பல மாதங்களுக்குப் பிறகு இருவரும் ஒத்துப் பேசிய முதல் பேச்சு அதுதான். எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"அப்படியானால் பிள்ளை சொன்னது பொய் வாக்கியம். உங்கள் வாத்தியார் விதிப்படி இவள் தேறவில்லை. எழுதிவிடட்டுமா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சும்மா இருந்தாலே போதும். வீட்டு மானமும் தப்பும், தம்பியைப் பார்க்க ஆளும் கிடைக்கும். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தம்பியைத் தட்டிக்கொடுத்தாள். தம்பி அழவே இல்லை.

"ஐயா, பேனாவ மூடுங்க" என்றாள் ராசாத்தி அக்கா. "புள்ள சொன்னது நெசம். நான் இவங்க அம்மியில பெலாச்சான் அரைச்சிட்டேன். அன்னையிலேர்ந்து இவங்க என்கூடப் பேசுறதில்ல. புள்ள மேல தப்பில்ல."

கடைசி பெஞ்சு முழுவதும் மூச்சை உள்ளே இழுத்தது. கோவிந்தம்மாளுக்கு முகமெல்லாம் பல். தன் மோர் இனிப் பழங்கதை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அம்மா சட்டென்று திரும்பினாள். பூனையைத் தேடவில்லை. நேராக ராசாத்தி அக்காவைப் பார்த்தாள்.

"அரைச்சத மட்டும் சொல்ற. கழுவாம வெச்சியே, அத யாரு சொல்லுவா?"

"கழுவினேன்க்கா."

"எதுல கழுவின?"

"தண்ணியில."

"பெலாச்சான் தண்ணியில போவுமாடி? வெள்ளிக்கெழம விரதத்துக்கு அந்த நாத்தத்த வெச்சுத் தொவையல் அரைக்கச் சொல்றியா?"

"நீங்க அன்னிக்கே என்னக் கூப்பிட்டு நாலு வார்த்த திட்டியிருந்தா புளி போட்டுத் தேச்சுக் குடுத்திருப்பேன். பூனகிட்டச் சொன்னா பூனையா வந்து தேய்க்கும்?"

இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். "அம்மா, பேசுவதில்லை என்றீர்கள். இப்போது பேசுகிறீர்களே. அப்படியானால் சமாதானம் ஆகிவிட்டதா?"

அம்மா தம்பியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். என்னைப் பார்த்தாளா, இல்லையா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

"சமாதானமெல்லாம் இல்லைங்க ஐயா. சண்டதான் போடுறேன். எம்மவ சொன்னது நெசம். எழுதிக்குங்க."

அவர் எழுதினார்: தேறினாள்.

இரண்டு பேராகப் போன பஞ்சாயத்து

இறங்கிப் போகும் வழியெல்லாம் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். சந்துக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். குழாயடி, கரிக்கோடு, ஒருவருக்கும் தெரியாமல் தேய்ந்துபோன துடைப்பம் என்று பாக்கி வைத்ததையெல்லாம் நேருக்கு நேர் கொட்டித் தீர்த்தார்கள். வீடு வந்து சேர்ந்தபோது இருவருக்கும் தொண்டை வறண்டுவிட்டது. ராசாத்தி அக்கா தேநீர் போட்டாள். அம்மா குறை சொல்லிக்கொண்டே குடித்தாள்.

சாயங்காலம் அப்பா வந்து சங்கதியைக் கேட்டார். "சரி, சொன்ன சொல்லு சொன்னதுதான். இன்னும் ஒரு வருசம் போவட்டும்" என்றார். அம்மா உடனே சரி என்றாள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை என்னை முன்னால் விட்டுவிட்டு அவளும் ராசாத்தி அக்காவும் ஒன்றாகப் பள்ளிக்கூடப் படியேறினார்கள். ஒரே படியில் இருவருக்கும் இடம் போதவில்லை, இருந்தும் ஒன்றாகவே ஏறினார்கள்.

"ராசாத்தி, நீயே சொல்லு. எனக்குக் கோவம் வந்துரும்" என்றாள் அம்மா.

ராசாத்தி அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வாத்தியாரே, பவுனு படிக்கட்டும். ஆனா இனிமே அதுக்கு வார்த்த சொல்லிக்குடுக்க வேணாம் லா. வாக்கியமும் வேணாம். கணக்கு மட்டும் போதும்."

வாத்தியார் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். "கணக்குலயும் வாக்கியம் உண்டே அம்மா. 'ராமன் வீட்டில் பத்து மாம்பழம் இருந்தது, அதில் மூன்று அழுகிவிட்டது' அப்படின்னுதான் கணக்கே ஆரம்பிக்கும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலையை ஒட்டிவைத்துக்கொண்டு ரகசியமாக ஏதோ பேசினார்கள். பிறகு அம்மாவே பதில் சொன்னாள்.

"அது பரவால்லீங்க. அழுகினது ராமன் வீட்டு மாம்பழம்தானே."